கருவியின் தாமதமும் கையின் உணர்வும்

புதிய சாதனம் ஒன்று வழக்கத்திற்கு வரும்போது அதைப் பற்றி இருவகை அபிப்பிராயங்கள் எழுவது இயல்பு. அளந்து பார்த்தவர் ஒன்று சொல்வார்; கையாண்டு பார்த்தவர் வேறொன்று சொல்வார். மின்சாரக் கிட்டாருக்கென விற்பனையாகும் டிஜிட்டல் மாடலர் என்ற கருவியைப் பற்றி இத்தகைய வாதம் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது. "இதில் ஒலி பிந்தி வருகிறது; தந்தி விரலுக்கு அடங்குவதில்லை" என்பது வாசிப்பவரின் குறை. "அந்தத் தாமதம் ஒரு விநாடியில் 300ல் ஒரு பங்குதான், அதை எந்தக் காதும் உணராது" என்பது கருவியைச் செய்வோரின் மறுமொழி. இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவருமே உண்மையின் ஒரு பகுதியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வாதிடுகின்றனர்.

இது இசைக்கலைஞர்களின் சொந்த வழக்கு, இதில் ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு. பள்ளிகளின் இசை அறைகளுக்கும் கல்லூரி மன்றங்களுக்கும் இளைஞர் சங்கங்களுக்கும் இக்கருவிகள் இன்று வந்து சேர்கின்றன. ஷில்லாங், ஐஸ்வால், கோஹிமா போன்ற ஊர்களில் கிட்டார் வாசிப்பு கல்லூரிகளிலும் தேவாலயங்களிலும் பரவலாக உள்ளது. ஏனைய மாநிலங்களின் நகரங்களிலும் அது வளர்ந்து வருகிறது. எதை வாங்கலாம் என்ற யோசனை பல நேரங்களில் விஞ்ஞான ஆசிரியரிடமே கேட்கப்படுகிறது. இதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. அளவுகோல் காட்டாத ஒரு குறையை உபயோகிப்பவர் சொல்லும்போது அதை எவ்வாறு விசாரிப்பது என்பதற்கு இவ்வழக்கு நல்லதொரு பாடமாகும். புதிய கலப்பை கனக்கிறது என்று உழவர் சொல்லும்போதும், புதிய தையல் யந்திரத்தில் துணி சரியாக ஓடவில்லை என்று தையற்காரர் சொல்லும்போதும் எழுவது இதே கேள்விதான்.

பெருக்கியும் அதன் போலியும்

மின்சாரக் கிட்டாரின் தந்தி அதிரும்போது, அதன் கீழுள்ள காந்தச் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது ஆம்ப்ளிஃபயரின் தொழில். பெருக்கி என்றே அதை இங்கு குறிப்பிடலாம். 1950களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃபெண்டர் நிறுவனம் செய்த பாஸ்மேன் என்ற பெருக்கியும், அதன் சுற்றமைப்பைப் பின்பற்றி 1960களின் தொடக்கத்தில் லண்டனில் உருவான மார்ஷல் ஜே.டி.எம். 45 என்ற பெருக்கியும் வால்வுகளைக் கொண்டு இயங்கியவை. அளவுக்கு மீறி முடுக்கப்பட்ட வால்வு, ஒலியைத் திருத்தமாகப் பெருக்குவதில்லை. அதன் உருவை நசுக்கி, புதிய சுரங்களைச் சேர்த்து அனுப்புகிறது. பொறியியல் நோக்கில் இது குறை. ஆனால் இசைக்கலைஞர்கள் அக்குறையையே விரும்பி ஏற்றனர். நாளடைவில் பெருக்கி கிட்டாரின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது.

இத்தகைய பெருக்கிகள் கனமானவை. ஃபெண்டர் டுவின் ரிவர்ப் என்ற பெருக்கியின் எடை 30 கிலோகிராமை நெருங்குகிறது. வால்வுகள் தேய்கின்றன, மாற்று வால்வு எளிதில் கிடைப்பதில்லை. நல்ல ஒலி வேண்டுமெனில் அண்டை வீட்டார் பொறுக்காத அளவுக்குச் சத்தமாக வாசிக்க வேண்டியிருக்கிறது. ஆதலால் பெருக்கியின் நடத்தையைக் கணக்காக எழுதி, அக்கணக்கைக் கணிப்பொறிச் சில்லு ஒன்று கணத்திற்குக் கணம் போட்டுத் தரும்படி செய்யலாமா என்ற எண்ணம் பிறந்தது. ரோலண்டு நிறுவனத்தின் வி.ஜி. 8 என்ற கருவி 1995ஆம் ஆண்டிலும், லைன் 6 நிறுவனத்தின் ஆக்ஸிஸ் 212 என்ற பெருக்கி 1996ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. பின்னர் 1998ல் பாட், 2006ல் ஆக்ஸ் எஃப்எக்ஸ், 2011ல் கெம்பர் ப்ரொஃபைலர் என வரிசையாகப் பல மாடலர்கள் வந்தன. உண்மையான பெருக்கி ஒன்றின் நடத்தையை நரம்பு வலைக் கணக்குகள் தாமே கற்றுக்கொள்ளும் முறையும் இன்று வழக்கில் உள்ளது. ஒலிப்பதிவை மட்டும் கேட்டு, இது வால்வு, இது கணக்கு என்று பிரித்துச் சொல்வது இன்று கடினம். ஆயினும் வாசிப்பவரின் குறை முற்றிலும் நீங்கவில்லை. கேட்பவருக்கு ஒன்றாகத் தோன்றுவது வாசிப்பவருக்கு வேறாகத் தோன்றுவது ஏன்?

தாமதம் பிறக்கும் இடங்கள்

வால்வுப் பெருக்கியில் மின்சாரம் தடையின்றிப் பாய்கிறது. அதில் கவனிக்கத்தக்க தாமதம் இல்லை. டிஜிட்டல் கருவியில் அப்படி அன்று. முதலில், தொடர்ந்து ஓடும் மின்னலையைத் துண்டுகளாக அளந்து எண்களாக மாற்ற வேண்டும். விநாடிக்கு 48,000 முறை அளப்பது பொதுவான வழக்கம். இவ்வாறு மாற்றும் பகுதியிலும், முடிவில் எண்களை மீண்டும் மின்னலையாக மாற்றும் பகுதியிலும் வடிகட்டிகள் உள்ளன. அவை சிறிது நேரத்தை விழுங்குகின்றன.

இரண்டாவதாக, சில்லு பெரும்பாலும் ஒவ்வோர் எண்ணாகக் கணக்கிடுவதில்லை. படகோட்டி ஆட்கள் சேரும் வரை கரையில் காத்திருப்பது போல, குறிப்பிட்ட தொகை எண்கள் சேர்ந்த பின்னரே அது வேலையைத் தொடங்குகிறது. இத்தொகையை பஃபர் என்பர். 64 எண்கள் சேரக் காத்திருந்தால் 1.3 மில்லிவிநாடி செல்லும். 256 எண்களுக்கு 5.3 மில்லிவிநாடி, 1,024 எண்களுக்கு 21 மில்லிவிநாடிக்கும் மேல். ஒரு மில்லிவிநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கணிப்பொறியில் வாசிப்பவருக்கு உள்ளே வரும்போது ஒரு பஃபரும் வெளியே செல்லும்போது ஒரு பஃபரும் இருப்பதால் தாமதம் இரட்டிக்கிறது.

மூன்றாவதாக, ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைக் கணக்கால் உண்டாக்கும் பகுதி. இக்கணக்கு நீளமானது. ஆயினும் அதைச் சிறிதும் பெரிதுமான பகுதிகளாகப் பிரித்துப் போட்டால் தாமதமே இன்றிச் செய்யலாம் என்பதை வில்லியம் கார்ட்னர் என்ற ஆராய்ச்சியாளர் 1995ஆம் ஆண்டிலேயே விளக்கினார். ஆகவே தாமதம் விதியின் கட்டளை அன்று. பெருமளவுக்கு அமைப்பவரின் தேர்வைப் பொறுத்தது.

நன்கு அமைந்த தனி மாடலர் ஒன்றில் இவையெல்லாம் சேர்ந்து சில மில்லிவிநாடிகளுக்குள் அடங்கிவிடும். கருவி செய்வோர் சொல்லும் எண் இதுவே; அது மெய்யானதே. ஆனால் மேடையில் அக்கருவி தனியாக நிற்பதில்லை. உதாரணமாக ஒரு கணக்கைப் பார்க்கலாம். கம்பியில்லாத இணைப்பு 3 மில்லிவிநாடி, துணைக்கருவி ஒன்று 2, மாடலர் 3, டிஜிட்டல் ஒலிக்கலவைப் பலகை 2, காதுக்குள் அணியும் ஸ்பீக்கருக்கான கம்பியில்லா இணைப்பு 3 எனக் கொண்டால், மொத்தம் 13 மில்லிவிநாடி ஆகிறது. ஒவ்வொருவரும் தம் பங்கு அற்பம் என்கின்றனர். அற்பங்கள் ஐந்து கூடினால் அற்பமாக இருப்பதில்லை.

காற்றும் தாமதம் செய்கிறது

இவ்விடத்தில் கருவிக் கட்சியார் வலுவான வாதம் ஒன்றை எடுத்துரைப்பர். சாதாரண வெப்பநிலையில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்கிறது. அதாவது ஒரு மீட்டரைக் கடக்க 3 மில்லிவிநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் பிடிக்கிறது. வால்வுப் பெருக்கிக்கு 3 மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவர் ஏறக்குறைய 9 மில்லிவிநாடி பிந்திய ஒலியையே கேட்கிறார். அவர் அதைக் குறையாகச் சொன்னதில்லை. அப்படியிருக்க, 3 மில்லிவிநாடியை மட்டும் குறை சொல்வது எப்படிப் பொருந்தும் என்பது அவர்கள் கேள்வி.

கணக்கு சரியானது. ஆனால் இதிலிருந்து பெறப்படும் முடிவில் ஒரு பிழை மறைந்திருக்கிறது. காற்றின் தாமதத்திற்குப் பதிலாகக் கருவியின் தாமதம் வருவதில்லை. அதனோடு சேர்ந்து வருகிறது. 3 மீட்டர் தள்ளி நிற்பவர் கருவித் தொடரில் 13 மில்லிவிநாடியை இழப்பாராயின், அவர் காதை ஒலி வந்தடையும்போது 22 மில்லிவிநாடி கழிந்திருக்கும். அன்றியும், தொலைவில் நிற்பவருக்குத் தாம் தொலைவில் நிற்பது தெரியும். ஒலியின் எதிரொலிப்பும் கண்ணின் காட்சியும் அதை உணர்த்துகின்றன. காதுக்குள் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு வாசிப்பவருக்கு அந்த அடையாளங்கள் எவையும் கிட்டுவதில்லை.

எனினும் இக்கணக்கிலிருந்து பயனுள்ள யோசனை ஒன்று கிடைக்கிறது. ஒரு மீட்டர் முன்னால் நகர்ந்து நின்றால் 3 மில்லிவிநாடி மீண்டும் கிடைத்துவிடும். விலையுயர்ந்த கருவியை மாற்றுவதற்கு முன் நாற்காலியை நகர்த்திப் பார்ப்பது நல்லது.

காது எவ்வளவு பொறுக்கும்?

"எத்தனை மில்லிவிநாடி வரை காது பொறுக்கும்?" என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணை விடையாக எதிர்பார்ப்பது தவறு. காது பல வேலைகளைச் செய்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் எல்லை வேறு. ஐரா ஹிர்ஷ் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, இரண்டு குறுகிய ஒலிகளில் எது முந்தியது என்று சொல்வதற்கு ஏறக்குறைய 20 மில்லிவிநாடி இடைவெளி வேண்டும். ஆனால் ஒலித்தவை இரண்டு என்று உணர 2 மில்லிவிநாடியே போதும். ஒருவர் பேசும் பேச்சை ஏறக்குறைய 200 மில்லிவிநாடி தாமதித்து அவர் காதுக்கே திருப்பினால் அவர் நாக்கு தடுமாறுகிறது என்பதை பெர்னார்டு லீ 1950ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

வாத்தியங்களைப் பொறுத்தவரை, கணிப்பொறியால் இயங்கும் வாத்தியத்தில் தாமதம் 10 மில்லிவிநாடிக்கு மேற்படலாகாது என்றும், அதன் ஏற்ற இறக்கம் 1 மில்லிவிநாடிக்குள் அடங்கவேண்டும் என்றும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வெஸ்ஸலும் மாத்யூ ரைட்டும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பரிந்துரைத்தனர். லெஸ்டர், போலி ஆகிய இருவர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாத்தியத்துக்கு வாத்தியமும் கேட்கும் முறைக்கு முறையும் இந்த எல்லை மாறுவது தெரிந்தது. சிலருக்கு 42 மில்லிவிநாடியும் ஏற்புடையதாயிற்று, சில நிலைகளில் 1.4 மில்லிவிநாடிக்கும் குறைவாகவே வேண்டியிருந்தது.

மிகவும் கவனிக்கத்தக்கது 2018ஆம் ஆண்டில் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி. தட்டி வாசிக்கும் கருவி ஒன்றில், தாமதம் இல்லாத நிலை, 10 மில்லிவிநாடி, 20 மில்லிவிநாடி, 10 மில்லிவிநாடியைச் சுற்றி 3 மில்லிவிநாடி ஏறி இறங்கும் நிலை என நான்கை அமைத்து அவர்கள் சோதித்தனர். மாறாத 10 மில்லிவிநாடித் தாமதத்தை வாசித்தவர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அதே 10 மில்லிவிநாடி ஏறி இறங்கியபோது அக்கருவியைத் தரம் குறைந்ததென மதிப்பிட்டனர். நிலையான தாமதத்திற்குக் கை பழகிவிடும். நிலையற்ற தாமதத்திற்குப் பழக வழியில்லை. நாள்தோறும் பத்து நிமிடம் பிந்தி வரும் பஸ்ஸுக்கு ஏற்றபடி பயணி புறப்படலாம். ஒருநாள் ஐந்தும் மறுநாள் பதினைந்துமாகப் பிந்துவதற்கு அவர் என்ன செய்வார்?

பேரளவு தேவாலய ஆர்கன் வாத்தியத்தில் சாவியை அழுத்தியதற்கும் குழல் ஒலிப்பதற்கும் இடையே நல்ல தாமதம் உண்டு; வாசிப்பவர் பழகிக்கொள்கிறார் என்று சிலர் உதாரணம் காட்டுவர். உண்மையே. ஆனால் ஒரே ஆர்கனில் பல ஆண்டுகள் பயின்ற தேர்ந்த கலைஞரின் பழக்கத்தை, கிட்டாரைக் கையில் எடுத்து ஆறு மாதமே ஆன சிறுவனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

தாமதத்தின் தலையில் விழும் பிற பழிகள்

வாசிப்பவரின் பக்கத்திலும் பிழை உண்டு. கை உணரும் குறைகள் எல்லாவற்றுக்கும் தாமதம் என்ற ஒரே பெயரை அவர் சூட்டிவிடுகிறார். நோயாளி "வயிற்றில் வலி" என்று சொல்வது மெய். ஆனால் நோய் வயிற்றில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

வால்வுப் பெருக்கியில் தந்தியைப் பலமாக மீட்டினால் வால்வுகள் மின்னோட்டத்தை மிகுதியாக இழுக்கின்றன. அவற்றுக்கு மின்சாரம் அளிக்கும் பகுதி, குறிப்பாக ரெக்டிஃபயரும் வால்வாக இருப்பின், உடனே ஈடுகொடுக்க இயலாமல் மின்னழுத்தம் சிறிது தாழ்ந்து பின்னர் மீள்கிறது. இதனால் ஒலியின் முதல் அடி சற்றே அமுங்கி, அடுத்த கணம் விரிந்து எழுகிறது. விரலுக்கு இது பஞ்சின் மேல் அழுத்துவது போன்ற இதமான உணர்வைத் தருகிறது. மாடலரின் கணக்கில் இந்நடத்தை சரிவர எழுதப்படாவிட்டால், தாமதம் சிறிதும் இல்லாவிட்டாலும் கருவி விறைப்பாகவே தோன்றும்.

கிட்டாரின் காந்தச் சுருள் தன்னோடு இணைக்கப்படும் கருவியின் தடைக்கேற்ப நடந்துகொள்கிறது. வால்வுப் பெருக்கிகளின் உள்வாயில் தடை வழக்கமாக 10 லட்சம் ஓம். தடை மிகக் குறைந்த வாயிலில் அதே கிட்டாரை இணைத்தால் மேற்சுரங்கள் மங்கிவிடுகின்றன; தந்தியின் கூர்மை போய்விடுகிறது. மந்தமான அந்த ஒலியும் "பிந்தி வருவதாக"வே உணரப்படுகிறது.

இவற்றுக்கும் மேலாக, பெரிய ஸ்பீக்கர் காற்றைத் தள்ளுகிறது. அந்த அதிர்வு கிட்டாரின் உடலையும் தந்தியையும் தொட்டு, ஒலியை நீடிக்கச் செய்கிறது. ஹெட்ஃபோனில் வாசிப்பவருக்கு இது கிடைக்க வழியே இல்லை. ஒலியின் பலம் குறையும்போது காது தாழ்ந்த சுரங்களைக் குறைவாகவே கேட்கிறது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்பவர்கள் 1933ஆம் ஆண்டில் அளந்து காட்டினர். ஆகவே, இரவில் மெல்லிய ஒலியில் வாசிக்கும் மாடலரை, மேடையில் முழங்கிய வால்வுப் பெருக்கியோடு ஒப்பிடுவது ஒப்பீடே ஆகாது.

தாமதம் கேட்காமல் ஒலியின் நிறத்தை மாற்றும் வகையும் ஒன்றுண்டு. நேரே வரும் ஒலியும் 1 மில்லிவிநாடி பிந்திய அதே ஒலியும் சம பலத்தில் கலந்தால், விநாடிக்கு 500 அதிர்வுள்ள சுரம் அறவே அடங்கிவிடுகிறது. 1,500, 2,500 அதிர்வுள்ளவையும் அவ்வாறே. நேர் ஒலியும் மாடலர் ஒலியும் ஒருங்கே கலக்கப்படும் இடத்தில், "3 மில்லிவிநாடியை எவரும் உணர முடியாது" என்ற கூற்று பொய்த்துவிடுகிறது. நேரத்தை உணராத காது நிறத்தை உணர்ந்துவிடுகிறது.

கிரீனிச்சில் கற்ற பாடம்

விஞ்ஞான வரலாற்றில் இதற்கொப்ப ஒரு நிகழ்ச்சி உண்டு. 1796ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கிரீனிச் வானிலாய்வுக் கூடத்தில் தலைமை வானியலாளராக இருந்தவர் நெவில் மாஸ்கலின். விண்மீன் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தைத் தம் உதவியாளர் டேவிட் கின்னபுரூக் ஏறக்குறைய 0.8 விநாடி பிந்திக் குறிப்பதாக அவர் கண்டார். எச்சரித்தும் அது மாறவில்லை. உதவியாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் ஜெர்மானிய வானியலாளரான பெஸ்ஸல் 1820களில் இதை ஆராய்ந்து, கண்டதையும் கேட்டதையும் ஒன்றோடொன்று பொருத்தும் நேரம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்று காட்டினார். தேர்ந்த வானியலாளர்களிடையேயும் அவ்வேறுபாடு இருந்தது. கின்னபுரூக்கிடம் சோம்பலும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. அளக்கப்படாத ஒரு தாமதத்திற்கான தண்டனையை அவர் அனுபவித்தார்.

இன்றைய வழக்கிலும் இந்த அபாயம் இருக்கிறது. மலிவான கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில், புளூடூத் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு மாணவி கிட்டார் பயில்வதாகக் கொள்வோம். சாதாரண புளூடூத் இணைப்பில் தாமதம் 100 மில்லிவிநாடியைத் தாண்டுவது வழக்கம். நிமிடத்திற்கு 120 அடி என்ற தாளத்தில், அடியின் கால் பங்கு 125 மில்லிவிநாடியே. ஆகவே அவள் மீட்டும் ஒவ்வொரு சுரமும் ஏறக்குறைய அடுத்த சுரத்தின் இடத்தில் வந்து விழுகிறது. தாளம் தவறுகிறது என்று ஆசிரியர் கடிந்துகொள்கிறார். தனக்குத் தாள ஞானம் இல்லை என்று அவளும் நம்பிவிடுகிறாள். கருவியின் குற்றம் கையின் குற்றமாகப் பதிவாகிறது. இழப்பதற்குரிய பொருள் இங்கு பணம் மட்டும் அன்று.

மற்றோர் அபாயமும் உண்டு. கையில் கிட்டாத உணர்வை ஒலியைக் கூட்டிப் பெற முயல்வது மனித இயல்பு. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் கேட்கலாகாது என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்திற்கும் அந்நேரம் பாதியாகிறது. 100 டெசிபெல்லில் 15 நிமிடமே மிஞ்சும். ஹெட்ஃபோனில் இந்த அளவை எட்டுவது எளிது. இழந்த செவிப்புலன் மீள்வதில்லை.

செய்யத்தக்கவை

அளவை மட்டும் நம்பி உணர்வைப் பிரமை என்று தள்ளுவதும், உணர்வை மட்டும் நம்பி அளவைச் சூழ்ச்சி என்று தள்ளுவதும் விஞ்ஞான மனப்பான்மைக்கு ஏற்றவை அல்ல. கையின் வாக்குமூலம் சாட்சியமே; ஆனால் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டிய சாட்சியம். அந்த விசாரணையைப் பள்ளியிலேயே நடத்தலாம்.

முதற்சோதனைக்கு விளையாட்டு மைதானம் போதும். 34 மீட்டர் தொலைவில் ஒரு மாணவன் இரு மரத்துண்டுகளைத் தட்டட்டும். கண்டதற்கும் கேட்டதற்கும் இடையே விநாடியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மில்லிவிநாடி கழிகிறது. அவன் படிப்படியாக அருகே வரட்டும். எந்தத் தொலைவில் வேறுபாடு தெரியாமற் போகிறது என்பதை ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே குறித்துக்கொள்ளட்டும். எண்கள் ஒன்றாக இரா. பெஸ்ஸல் கண்டதை மாணவர்களும் காண்பர்.

இரண்டாவது சோதனையில் கருவியையே அளக்கலாம். கைத்தொலைபேசியிலிருந்து ஒரு 'டிக்' ஒலியை எழுப்பி, அதைக் கிளைக்கம்பி மூலம் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு கிளையை நேரே ஒலிப்பதிவின் இடது வாயிலிலும், மற்றொன்றை மாடலர் வழியாக வலது வாயிலிலும் செலுத்திப் பதிவு செய்யவேண்டும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இரு அலைகளையும் மேலும் கீழுமாகக் காணலாம். விநாடிக்கு 48,000 அளவுகள் என்ற பதிவில் இரண்டுக்கும் இடையே 240 அளவுகள் இருந்தால் தாமதம் 5 மில்லிவிநாடி. தொலைபேசியின் சொந்தத் தாமதம் இரு கிளைகளுக்கும் பொதுவாகையால் கணக்கில் சேராது. பத்து முறை அளந்து, சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் குறிக்கவேண்டும். பின்னர் கம்பியில்லா இணைப்பு முதலியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து மீண்டும் அளக்கவேண்டும்.

மூன்றாவது, கண்ணால் காணாத ஒப்பீடு. வாசிப்பவர் திரைக்கு ஒரு பக்கம் இருக்க, மறுபக்கத்தில் ஒருவர் நாணயம் சுண்டி இரு அமைப்புகளில் ஒன்றைத் தேர்ந்து இணைக்கவேண்டும். இரண்டின் ஒலிப்பலமும் சமமாக இருப்பது அவசியம்; சத்தம் மிகுந்ததையே காது நல்லதென்று சொல்லும். பத்து முறையில் ஐந்தைச் சரியாகச் சொல்வது குருட்டு ஊகத்திற்கும் இயலும். ஒன்பது அல்லது பத்தும் ஊகத்தால் சரியாக அமையும் வாய்ப்பு 1,024ல் 11 மட்டுமே. ஒன்பது முறை சரியாகச் சொன்னவரின் கையை நம்பலாம். அவருடைய குறை பிரமை அன்று. அதன்பின் காரணத்தைத் தேடவேண்டும்: தாமதமா, அதன் ஏற்ற இறக்கமா, வாயிலின் தடையா, ஒலிப்பலமா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கவேண்டும்.

நிறுவனங்களுக்காகக் கருவி வாங்குவோர் கேட்கத்தக்க கேள்விகள் சில. தாமதம் உள்வாயில் முதல் வெளிவாயில் வரை எவ்வளவு? எந்த அமைப்பில் அளந்தது? எல்லாப் பகுதிகளையும் இயக்கினால் அது எவ்வளவு உயர்கிறது? நிலையானதா? மிகக் குறைந்த எண்ணை மட்டும் அட்டையில் அச்சிடுவது, இறக்கத்தில் ஓடிய வேகத்தையே வண்டியின் வேகமாகச் சொல்வதற்கு ஒப்பாகும். மிக உயர்ந்த எண்ணையும் சேர்த்து வெளியிடுவதே நேர்மையான வழக்கம். வாங்குவோர் தொடர்ந்து கேட்டால் அது நிலைபெறும்.

மாடலர் நல்ல கருவி. முப்பது கிலோ சுமையையும் தேயும் வால்வையும் நீக்கி, எளியவர்க்கும் எட்டும் விலையில் பலவகை ஒலிகளை அது தந்திருக்கிறது. அதைப் பழிப்பதால் பயனில்லை. ஆனால் ஒரு கருவியின் தகுதியை முடிவு செய்வதில், அதைச் செய்தவரின் அளவுகோலுக்கு உள்ள இடம் அதை ஏந்தும் கைக்கும் உண்டு. அடுத்த முறை ஒரு மாணவர் "இது சரியாக வரவில்லை" என்று சொல்லும்போது, கையைத் திருத்துவதற்கு முன் கருவியை அளந்து பார்ப்பது ஆசிரியரின் கடமை. அதற்கு ஒரு கிளைக்கம்பியும் அரைமணி நேரமும் போதும்.